மேடைச் சொல்லும் மின்சாரக் காரும்

அவையிலே பேசப் புகுவோனுக்கு வேண்டிய தகுதிகளைத் திருவள்ளுவர் ஒரே அதிகாரத்தில் அடக்கிவிடவில்லை. சொல்வன்மை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அவையறிதல் என்று வேறோர் அதிகாரம் வகுத்தார். அவையஞ்சாமை என்று மூன்றாவதும் ஒன்று வகுத்தார். சொல்லத் தெரிந்திருத்தல் வேண்டும், கேட்போரின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும், அவர்கள் முன் நடுங்காது நிற்றலும் வேண்டும் என்பது அப்பெரியாரின் கருத்து. வள்ளுவர் மனத்திற்கொண்ட அரசவைகள் இன்று மறைந்துவிட்டன. ஆயினும் அவைகள் மறையவில்லை. பெரியதொரு கம்பனியின் தலைவர், தம் தொழிற்சாலை ஈன்ற புதிய பொருளை உலகறியக் காட்டுகின்ற மேடையும் நம் காலத்து அவைகளுள் ஒன்றாகிவிட்டது. விளக்குகள் எரிகின்றன, திரை விலகுகிறது, தலைவர் பேசுகிறார், கூடியிருப்போர் தீர்ப்புக் கூறுகின்றனர்.

அத்தகைய மூன்று அவைகளைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். மூன்றிலும் காட்டப்பட்ட பொருள் மின்சாரத்தால் ஓடும் வண்டியே. முதலாவது அவை 1985ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிலே கூடியது. அதன் முடிவில் சனங்கள் சிரித்தார்கள். இரண்டாவது அவை 1990ஆம் ஆண்டு அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே கூடியது. அங்கே மகிழ்ந்து வரவேற்றார்கள். மூன்றாவது, அதே நகரை அடுத்த ஹோதோர்ண் என்னும் ஊரில் 2019ஆம் ஆண்டு கூடியது. சிரித்தவர்களும் வரவேற்றவர்களும் அங்கே ஒருங்கே இருந்தார்கள். இம்மூன்று வரலாறுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. மேடையிலே சொல்லப்பட்ட சொல், சொன்னவருடைய உடைமையாக நெடுநாள் இருப்பதில்லை. கேட்டவர்கள் அதனைத் தம்மோடு எடுத்துச் செல்கின்றனர்; பின்னொரு நாள் அதனையே கையிலேந்தி, சொன்னவரின் வாயிலில் வந்து நிற்கின்றனர்.

மின்சாரக் கார் அண்மையிலே தோன்றிய புதுமை என்று எண்ணுவோர் பலர். உண்மை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நீராவி, பெற்றோல், மின்சாரம் ஆகிய மூன்றும் வீதியைக் கைப்பற்றுவதற்குப் போட்டியிட்டன. பெற்றோல் காரின் இயந்திரத்தை, வண்டியின் முன்னே நின்று இரும்புக் கைப்பிடியாற் சுழற்றி உயிர்ப்பிக்கவேண்டியிருந்த காலம் அது. புகையும் இரைச்சலும் இல்லாத மின்சாரக் கார் நகரவாசிகளுக்கு அன்று பெரிதும் உவப்பாயிருந்தது. பெற்றோல் கார்களாற் பெருஞ்செல்வம் ஈட்டிய ஹென்றி ஃபோர்ட்டின் மனைவியார் கிளாரா அம்மையாரே மின்சாரக் கார் ஒன்றைத்தான் ஓட்டித் திரிந்தார். 1912இல் கடிலாக் கார்களிலே மின்சாரத் தொடக்கி பொருத்தப்பட்டது. கைப்பிடி சுழற்றும் தொல்லை நீங்கிற்று. ஃபோர்ட் கம்பனியின் மலிவான கார்களும் வீதிகளை நிறைத்தன. மின்சாரக் கார் மெல்ல மறைந்தது. ஆகவே 1980களில் அதனை மீண்டும் மேடையேற்ற முனைந்தவர்கள், தாம் செய்த வண்டியோடு மறந்துபோன ஒரு நம்பிக்கையையும் சேர்த்தே சனங்களுக்கு விற்கவேண்டியவராயினர்.

முதலாவது அவைக்கு வருவோம். சேர் கிளைவ் சிங்களயர் என்பவர் பிரித்தானியாவின் பெயர்பெற்ற புத்தமைப்பாளர். சட்டைப் பைக்குள் அடங்கும் கணிப்பான்களைச் செய்து விற்றவர். 1980இல் நூறு பவுணுக்கும் குறைந்த விலையில் வீட்டுக் கணினியை விற்று, சாதாரண குடும்பத்துப் பிள்ளைகளின் கைக்கெட்டும் பொருளாக அதனை ஆக்கியவர். 1983இல் சேர் பட்டமும் பெற்றார். அத்தகையவர் மின்சார வண்டி செய்கிறார் என்ற செய்தி பரவியபோது, மக்கள் மனத்தில் எத்தகைய வண்டி உருவாகியிருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். நான்கு சக்கரமும் கதவும் கூரையும் உள்ள ஒரு காரையே அவர்கள் எதிர்பார்த்தார்கள்.

1985ஆம் ஆண்டு ஜனவரி 10ஆந் திகதி, வட இலண்டனில் ஒரு குன்றின்மேல் உள்ள அலெக்சாந்திரா மாளிகையில் நிருபர்கள் கூடினர். பெரிய அட்டைப் பெட்டிகளைக் கிழித்துக்கொண்டு ஆறு வண்டிகள் வெளியே வந்தன. பார்த்தவர்கள் திகைத்தனர். மூன்று சக்கரம்; ஒருவரே அமரக்கூடிய இருக்கை; கூரை இல்லை; கதவு இல்லை; உயரமோ இரண்டரை அடிக்குச் சற்று மேல். கைப்பிடி, ஓட்டுபவரின் முழங்காலுக்குக் கீழே இருந்தது. மின்கலம் சோர்ந்தால் மிதித்துச் செல்ல மிதிகட்டைகளும் இருந்தன. விலை 399 பவுண். சீ-ஐந்து என்பது அதன் பெயர்.

நேயர்களே, இவ்வண்டி ஏன் இவ்வாறு அமைந்தது என்பதற்குக் காரணம் உண்டு. 1983இல் பிரித்தானிய அரசாங்கம் புதியதொரு பிரமாணத்தைக் கொண்டுவந்தது. மணிக்கு 15 மைலுக்கு மேற்படாத வேகமும் 250 உவாற்றுக்கு மேற்படாத மோட்டாரும் மிதிகட்டையும் உடைய வண்டிக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை, வீதி வரி இல்லை, காப்புறுதியும் கட்டாயமில்லை, பதினான்கு வயதுப் பிள்ளையும் அதனை ஓட்டலாம். சிங்களயர் தம் வண்டியை இப்பிரமாணத்தின் அளவுக்கு வெட்டித் தைத்தார். சட்டத்தை நன்கு அறிந்திருந்தார், அவையை அறிந்தாரில்லை. காரை எதிர்பார்த்து வந்தவர்களின் முன்னே அவர் வைத்தது, சட்டத்தின் கண்ணிலே ஒரு துவிச்சக்கர வண்டி.

காலமும் அவருக்கு உதவவில்லை. ஜனவரி மாதம் அந்நாட்டிலே கடுங்குளிர். மாளிகைக்கு வெளியே பனியும் உறைநீரும் கிடந்தன. நிருபர்களை வண்டியில் ஏறி ஓட்டிப் பார்க்கும்படி அழைத்தார்கள். ஈய-அமில மின்கலம் குளிரில் வலுக்குறையும் இயல்புடையது. இருபது மைல் ஓடும் என்று சொல்லப்பட்ட வண்டிகளிற் சில, சிறிது நேரத்திலேயே சோர்ந்து நின்றன. ஓட்டியவர்களை வேறோர் அச்சமும் பிடித்தது. பெரும் பாரவண்டிகள் ஓடும் வீதியிலே, அவற்றின் சக்கர உயரத்திற்கும் தாழ அமர்ந்து செல்வது எங்ஙனம்? சாரதிகளின் கண்ணுக்கு இது படுமா? கொடி போன்ற உயர்ந்த அடையாளக் கம்பம் ஒன்று தனி விலைக்கு விற்கப்பட்டது என்பதும், அவ்வச்சத்திற்கு ஆதாரமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

பத்திரிகைகள் எள்ளி நகையாடின. நகைச்சுவை நடிகர்களுக்கு நல்ல பொருள் கிடைத்தது. வேல்சு நாட்டில் மேர்தர் டிட்வில் என்னும் ஊரிலுள்ள ஹூவர் கம்பனியின் தொழிற்சாலையிலே இவ்வண்டிகள் செய்யப்பட்டன. அங்கே துணி துவைக்கும் இயந்திரங்களும் செய்யப்பட்டமையால், வண்டிக்குள் இருப்பது துவைக்கும் இயந்திரத்தின் மோட்டார்தான் என்றொரு கதை கிளம்பிற்று. உண்மையில் அந்த மோட்டார் இத்தாலியிலே செய்யப்பட்டது. ஆனால் சிரிப்போடு பிறந்த கதையை உண்மையால் வெல்லுதல் எளிதன்று. இன்றும் அதனைச் சொல்வோர் உளர். செய்யப்பட்ட வண்டிகள் ஏறத்தாழ 14,000. கம்பனி வீழுமுன் விற்றவை ஏறத்தாழ 5,000. 1985 ஆகஸ்டில் உற்பத்தி நின்றது. ஒக்டோபரில் கம்பனி கடன் பொறுப்பாளர் கைக்குப் போயிற்று. தொழிலின்மை வாட்டிய ஒரு பள்ளத்தாக்கிலே புதியதொரு தொழில் பிறந்ததென்று மகிழ்ந்த வேலையாட்களின் நம்பிக்கையும் அதனோடு முடிந்தது. நகைத்தவர்கள் வண்டியை நகைத்தார்கள். இழப்பு வேறெங்கோ விழுந்தது.

இனி இரண்டாவது அவை. அதன் வரலாறு சற்று விரிவானது; விரித்துச் சொல்லத் தக்கதும் ஆகும்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மலைகளும் சூழ்ந்த தாழ்நிலத்தில் அமைந்தது. அங்கே எழும் புகை எளிதில் வெளியேறாது. இரண்டாம் உலகப் போர்க் காலந்தொட்டு, கண்ணை எரிக்கும் மூடுபுகை அந்நகரை வருத்தி வந்தது. அதற்குக் காரணம் என்ன என்பதை 1950களின் தொடக்கத்தில் ஆராய்ந்து காட்டியவர் ஹாகன்-சிமித் என்னும் விஞ்ஞானி. கார்களும் எண்ணெய் ஆலைகளும் கக்கும் ஆவிகள் வெய்யிலிலே வேதிமாற்றம் அடைந்து ஓசோன் ஆகின்றன என்று அவர் நிறுவினார். காரின்றி வாழ முடியாத நகரம், காராலேயே மூச்சுத் திணறிற்று. ஆகையால் புகையில்லாத கார் என்ற சொல் வேறெந்த ஊரிலும் பெறாத பொருளை அந்த ஊரிலே பெற்றது.

அத்தகைய ஊரில், 1990ஆம் ஆண்டு ஜனவரி 3ஆந் திகதி, அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய மோட்டார்க் கம்பனியாகிய ஜெனரல் மோட்டோர்ஸின் தலைவர் ரொஜர் சிமித், புதிய மின்சாரக் கார் ஒன்றைக் காட்டினார். இம்பக்ற் என்பது அதன் பெயர். இருவர் அமரும் சிறு கார். நீர்த்துளி போன்ற வடிவம். காற்றை மிக எளிதாகக் கிழித்துச் செல்லும் உடல். ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடக்கும் சூரியசக்தி வண்டிப் போட்டியில் 1987இல் அக்கம்பனிக்கு வெற்றி தேடித் தந்த குழுவினரே இதனையும் வகுத்தவர்கள். அவர்களுள் போல் மக்கிறெடியும் மின்னணுப் பகுதிகளை அமைத்த அலன் கொக்கோனியும் குறிப்பிடத்தக்கவர்கள். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டு விநாடியில் எட்டும் என்றும், ஒருமுறை மின்னேற்றினால் 120 மைல் ஓடும் என்றும் சொல்லப்பட்டது. மின்சார வண்டி என்றால் ஆமை வேகம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது வியப்பாயிருந்தது. வரவேற்பு எல்லாப் பக்கமும் பெருகிற்று.

அது கண்காட்சிக்கெனக் கையாற் செய்யப்பட்ட மாதிரி வண்டி. மாதிரியைக் காட்டிக் கைதட்டைப் பெற்றுக்கொண்டு, பின்னர் அதனைக் கிடங்கில் வைத்துப் பூட்டிவிடுவது மோட்டார்க் கம்பனிகளின் நெடுநாளைய வழக்கம். சிமித் அவ்வாறு செய்யவில்லை. வரவேற்பால் ஊக்கம் பெற்ற அவர், அதே ஆண்டு ஏப்ரலில், புவி நாளை ஒட்டி, இந்தக் காரைத் தம் கம்பனி உற்பத்தி செய்து விற்கும் என்று பகிரங்கமாக அறிவித்தார். ஜூலை முடிவில் பதவியிலிருந்து ஓய்வுபெற்றார். சொல்லைச் சொன்னவர் போய்விட்டார், சொல் போகவில்லை.

அந்தச் சொல்லைக் கவனமாகக் கேட்டவர்கள் இருந்தார்கள். கலிபோர்னியா மாநிலத்தின் வளி வளச் சபையினர், செய்ய முடியும் என்று தலைவரே சொல்லிவிட்டபின் செய்யவேண்டும் என்று நாம் கட்டளையிடுவதில் தவறென்ன என்று கருதினர். 1990 செப்டெம்பரில் அவர்கள் விதி வகுத்தார்கள். பெரிய மோட்டார்க் கம்பனிகள் அம்மாநிலத்தில் விற்பனைக்கு வைக்கும் கார்களில் 1998இல் நூற்றுக்கு 2, 2001இல் நூற்றுக்கு 5, 2003இல் நூற்றுக்கு 10 புகையற்றனவாய் இருத்தல் வேண்டும். மேடையிலே பெருமைக்காகச் சொன்ன சொல், ஒன்பது மாதத்திற்குள் சட்டமாகித் திரும்பி வந்தது. சொன்ன கம்பனியையும் கட்டிற்று. மேடைக்கே வராத ஏனைய கம்பனிகளையும் கட்டிற்று.

அதன்பின் கம்பனி இரு மனத்தோடு நடந்தது. ஒரு கையால் பெரும் பணம் செலவிட்டு, நல்ல பொறியியலாளரைக் கொண்டு காரைச் செய்தது. மறு கையால், ஏனைய கம்பனிகளோடு சேர்ந்து, அந்த விதியைத் தளர்த்தவேண்டும் என்று வாதாடியது. சனங்களின் மனமோ ஒன்றாகவே இருந்தது. 1994இல் ஐம்பது கார்களைக் கையாற் செய்து, விரும்புவோருக்குச் சில நாட்கள் இரவல் கொடுத்துப் பார்க்கக் கம்பனி முடிவு செய்தது. லொஸ் ஏஞ்சல்ஸில் எண்பது பேரளவிலேயே வேண்டியிருந்தனர். தொலைபேசியில் அழைத்தவர்களோ பதினாயிரம் பேர். தொலைபேசி இணைப்பையே மூடவேண்டியதாயிற்று. நியூயோர்க்கில் பதினாலாயிரம் பேர் அழைத்தனர்.

1996 டிசெம்பரில் கார் வீதிக்கு வந்தது. ஈவீ-ஒன்று என்பது அதன் புதிய பெயர். கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும் சில நகரங்களில் மட்டுமே கிடைத்தது. ஒரு நிபந்தனையைக் கவனிக்கவேண்டும்: அதனை யாரும் விலைக்கு வாங்க முடியாது. குத்தகைக்குத்தான் பெறலாம், தவணை முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். மொத்தம் செய்யப்பட்டவை 1,117 கார்கள். அவற்றைப் பெற்றவர்கள் அவற்றின்மேல் அளவிறந்த பற்று வைத்தார்கள். இதற்கிடையே 1996இலேயே சபை தன் முதலிரு தவணைகளையும் தளர்த்திவிட்டது. எஞ்சியிருந்த பத்து விழுக்காட்டை எதிர்த்துக் கம்பனிகள் வழக்காடின. 2003இல் அவ்விதியும் பெரிதும் இளகிற்று. கட்டளை தளர்ந்தவுடன் கம்பனியும் தளர்ந்தது. குத்தகை முடிந்த கார்களை ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பெற்றது.

கம்பனியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். இம்முயற்சியில் நூறு கோடி டொலர் வரையிற் செலவிட்டதாக அது கூறியது. குறைந்த தொகையான கார்களுக்கு உதிரிப் பாகங்களை ஆண்டுக்கணக்காகத் தேடிக் கொடுத்தல் இயலாது என்றது. தொலைபேசியில் அழைப்போர் பலராயினும், பணத்தோடு வருவோர் சிலரே என்றது. இவை புறக்கணிக்கத்தக்க காரணங்கள் அல்ல. ஆனால் கார்களைத் திருப்பிப் பெற்றபின் அது செய்த காரியம், இந்நியாயங்கள் அனைத்தையும் சனங்களின் காதிலே விழாதபடி செய்துவிட்டது. சில கார்களை இயங்காதபடி ஆக்கி நூதனசாலைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வழங்கியபின், எஞ்சியவற்றுட் பெரும்பாலானவற்றை நசுக்கி அழித்தது.

2003 ஜூலை 24ஆந் திகதி, ஹொலிவூட்டில் உள்ள ஒரு மயானத்தில் விந்தையான ஊர்வலம் ஒன்று நடந்தது. ஈவீ-ஒன்று காருக்கு அதனை ஓட்டியவர்கள் இறுதிக்கிரியை நடத்தினார்கள். 2005இன் முற்பகுதியில், பேர்பாங்க் என்ற ஊரில் கம்பனி வளவுக்குள் எழுபத்தெட்டுக் கார்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை நசுக்க விடோம் என்று ஒரு கூட்டத்தார் இரவும் பகலுமாய் ஏறத்தாழ ஒரு மாதம் வாயிலிற் காத்திருந்தனர். அந்தக் கார்களை வாங்குவதற்குப் பத்தொன்பது இலட்சம் டொலர் தருகிறோம் என்றும் சொல்லிப் பார்த்தனர். கம்பனி இசையவில்லை. கார்களை ஏற்றிக்கொண்டு பாரவண்டிகள் சென்றன. அடுத்த ஆண்டு இவ்வரலாறு ஒரு செய்திப்படமாகித் திரையரங்குகளுக்கு வந்தது. அதே 2006இல், கம்பனியின் அன்றைய தலைவர் றிக் வாகனர், தாம் செய்த முடிவுகளுள் மிகவும் தவறானது எது என்று வினவப்பட்டபோது, ஈவீ-ஒன்றைக் கைவிட்டதையே குறிப்பிட்டார். இலாபத்தில் அதனால் நட்டமில்லை, நற்பெயருக்கே நட்டம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

அந்த இறுதிக்கிரியை நடந்த அதே மாதத்தில், கலிபோர்னியாவிலேயே வேறொரு பிறப்பு நிகழ்ந்தது. 2003 ஜூலையில் மார்ட்டின் எபர்ஹார்ட், மார்க் தார்ப்பெனிங் என்னும் இருவர் டெஸ்லா கம்பனியைப் பதிவு செய்தனர். இம்பக்ற் காரின் மின்னணுப் பகுதிகளை அமைத்தவர் என்று முன்னே சொன்னேனே, அந்த அலன் கொக்கோனி பின்னர் வேறொரு சிறு கம்பனியிலே செய்த மின்சாரக் கார்தான் டெஸ்லாவைத் தோற்றுவித்தவர்களுக்குத் தூண்டுகோலாயிற்று. 2004இல் பணமிட்டுச் சேர்ந்து, பின்னர் தலைவரான ஈலோன் மஸ்க், ஈவீ-ஒன்று கார்கள் நசுக்கப்பட்டதே தம் கம்பனி தோன்றக் காரணம் என்று 2017இல் எழுதினார். இவ்வாறாக இரண்டாவது அவையிலிருந்து மூன்றாவது அவைக்கு நாம் வந்து சேர்கிறோம்.

2019 நவம்பர் 21ஆந் திகதி இரவு, ஹோதோர்ணில் டெஸ்லாவின் வடிவமைப்பு நிலையத்தில் பெருங்கூட்டம் கூடியது. பாரம் ஏற்றும் திறந்த வண்டியொன்றை மஸ்க் காட்டினார். வளைவுகளே இல்லாமல், துருப்பிடியா உருக்குத் தகடுகளை மடித்து ஒட்டியதுபோன்ற கூர்மையான உருவம். சைபர்ட்றக் என்பது பெயர். இது உண்மையா, விளையாட்டா என்று பார்த்தவர் மயங்கினர். அதன் வலிமையைக் காட்டுவதற்காகப் பிரதம வடிவமைப்பாளர் பிரான்ஸ் வொன் ஹொல்ஸ்ஹவுசன் ஒரு பெருஞ்சுத்தியலால் கதவிலே அடித்தார். கதவு நெளியவில்லை. அடுத்து, உடையாத கண்ணாடி என்று சொல்லப்பட்ட யன்னலின்மேல் ஓர் உருக்குக் குண்டை எறிந்தார். கண்ணாடி நொருங்கிற்று. பின்பக்கத்து யன்னலில் எறிந்தார், அதுவும் நொருங்கிற்று. உடைந்த இரு யன்னல்களையும் பின்னால் வைத்துக்கொண்டே மஸ்க் தம் பேச்சைச் சொல்லி முடித்தார்.

வள்ளுவர் சொன்ன அவையஞ்சாமைக்கு இது பொருந்துமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். உலகம் முழுவதும் மறுநாட் காலை சிரித்தது. சிறு பிள்ளை கோடுகீறிய கார் என்றனர் சிலர். கம்பனியின் பங்கு விலை நூற்றுக்கு ஆறளவில் வீழ்ந்தது. சுத்தியலால் அடித்த அடியிலே கண்ணாடியின் அடிப்பாகம் முன்னமே விரிசல் கண்டுவிட்டது என்று மஸ்க் பின்னர் விளக்கம் கூறினார். ஆனால் அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. திருப்பிப் பெறக்கூடிய நூறு டொலர் முற்பணத்தோடு வண்டிக்குப் பெயர் பதியலாம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. இரண்டே நாளில் 146,000 பேர் பதிந்துவிட்டார்கள் என்றார் மஸ்க். தொகை விரைவில் இரண்டு இலட்சமாயிற்று. சிரிப்பே விளம்பரமாகியது.

இவ்விடத்திலே ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். அன்றிரவு உடைந்தது கண்ணாடி, சொல்லப்பட்டவையோ எண்கள். ஆகக் குறைந்த விலை 39,900 டொலர் என்று சொல்லப்பட்டது. 2021இன் இறுதியில் உற்பத்தி தொடங்கும் என்று சொல்லப்பட்டது. உயர்ந்த வகை 500 மைலுக்கு மேல் ஓடும் என்றும் சொல்லப்பட்டது. கண்ணாடியைப் பற்றிச் சனங்கள் சிரித்து ஓய்ந்தார்கள். எண்களை நினைவில் வைத்திருந்தார்கள். முதல் வண்டிகள் கையளிக்கப்பட்டது 2023 நவம்பர் 30ஆந் திகதி, ரெக்சாஸ் மாநிலத்திலே. அன்று அறிவிக்கப்பட்ட ஆகக் குறைந்த விலை 60,990 டொலர். எந்த வகையும் ஒரே மின்னேற்றத்தில் 500 மைல் ஓடவில்லை. 340 மைலே கூடியதாகச் சொல்லப்பட்டது. அதே மேடையில் வடிவமைப்பாளர் மீண்டும் யன்னலில் எறிந்தார். இம்முறை எறிந்தது உருக்குக் குண்டு அன்று, விளையாட்டுப் பந்து. கண்ணாடி உடையவில்லை. ஆனால் பழைய எண்கள் உடைந்துபோயின.

பதிந்தவர்கள் பத்து இலட்சத்திற்கும் மேல் என்று 2023இல் மஸ்க் கூறியிருந்தார். 2025 மார்ச்சில், உடலிலே ஒட்டப்பட்ட உருக்குத் தகடு ஒன்று ஓடும்போது கழன்று விழக்கூடும் என்ற காரணத்தால், 2023 நவம்பர் முதல் 2025 பெப்ரவரி இறுதி வரை செய்யப்பட்ட வண்டிகள் யாவும் திருத்தத்திற்குத் திருப்பி அழைக்கப்பட்டன. அமெரிக்காவிலே அவற்றின் தொகை 46,096. நூறு டொலர் கட்டிப் பெயர் பதிந்தவர் தொகைக்கும், முழுப் பணம் கட்டி வண்டியை வீட்டிற்குக் கொண்டுசென்றவர் தொகைக்கும் உள்ள தூரத்தை இந்த எண்ணிலிருந்து அளந்துகொள்ளலாம்.

நேயர்களே, மூன்று அவைகளையும் பார்த்துவிட்டோம். அவற்றின் தீர்ப்புக்கள் எவ்வளவு தூரம் சரியானவை?

இலண்டனிலே சிரித்தவர்கள், அந்த வண்டி வீதிக்குத் தாழ்ந்தது, குளிருக்கு ஒவ்வாதது என்ற அளவில் சரியாகவே கண்டார்கள். சிறு மோட்டாரின் துணையோடு ஒருவர் தனியே செல்லும் எளிய வண்டி என்ற எண்ணத்தையும் சேர்த்துச் சிரித்ததிலேதான் பிழைத்தார்கள். 1983இன் பிரமாணம் வகுத்த 250 உவாற்று மோட்டாரும் ஏறத்தாழ அதே வேக எல்லையும்தான் இன்று பிரித்தானியாவில் ஓடும் மின்சாரத் துவிச்சக்கர வண்டிகளுக்கும் அளவுகோல். சிங்களயர் 2021இல் மறைந்தபோது, அவர் நம்பிய கருத்து அந்நாட்டின் வீதிகளிலே ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் செய்த உருவத்தில் அன்று, அவ்வளவே.

லொஸ் ஏஞ்சல்ஸிலே வரவேற்றவர்கள் காரைச் சரியாக மதித்தார்கள். 2024ஆம் ஆண்டில் உலகெங்கும் ஒரு கோடியே எழுபது இலட்சத்திற்கு மேற்பட்ட மின்சாரக் கார்கள் விற்பனையாயின என்பதே அவர்களுக்குச் சான்று. அவர்கள் அளவுக்கு மீறி நம்பியது கம்பனியின் உறுதியை. ஆயினும் அந்த நம்பிக்கை வீண்போயிற்று என்று சொல்லிவிட முடியாது. சொல்லைச் சட்டமாக்கினார்கள், சட்டம் தளர்ந்தபோது வாயிலிற் காத்திருந்தார்கள், கார்கள் அழிந்தபின்னும் நினைவை அழியவிடவில்லை. அந்த நினைவிலிருந்தே அடுத்த முயற்சி பிறந்தது.

ஹோதோர்ணிலே கூடியவர்கள் நமக்குக் கற்பிப்பது வேறொன்று. மேடையிலே நேரும் விபத்தைச் சனங்கள் பெரிதாகக் கொள்வதில்லை. கை தவறுதல் எவர்க்கும் இயல்பு என்பதை அறிவார்கள். பேச்சிலே சொல்லப்படும் விலையும் காலமும் அளவும் அத்தகையன அல்ல. அவற்றை நம்பி ஒருவன் தன் பழைய வண்டியை விற்காமல் வைத்திருக்கிறான்; இன்னொருவன் மாதந்தோறும் பணம் சேர்க்கிறான். மேடையில் உதிர்ந்த ஓர் எண், எங்கோ ஒரு வீட்டின் கணக்குப் புத்தகத்திலே ஏறிவிடுகிறது. அது பிழைக்கும்போது உடைவதற்குக் கண்ணாடியைவிடப் பெரிய பொருள் ஒன்று இருக்கிறது.

அவையறிதல் என்பது, கேட்போரை மகிழ்விக்கும் வழியை அறிதல் என்று பலர் கருதுகின்றனர். இம்மூன்று வரலாறுகளையும் பார்க்கும்போது அதற்கு இன்னும் ஆழமான பொருள் உண்டென்று தோன்றுகிறது. கேட்டவர்கள் வீடு திரும்பியபின் தம் சொல்லை என்ன செய்வார்கள் என்பதைப் பேசுமுன்பே எண்ணிப் பார்ப்பவரே அவையறிந்தவர். கைதட்டு அன்றிரவே ஓய்ந்துவிடும். சிரிப்பும் சில நாளில் அடங்கிவிடும். சொல் மட்டும் கேட்டவர் வீட்டிலே தங்கி, தன் தவணை வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்.